ஏஐ வியாபாரமும் அறமும்: முதுநிலை ப்ராஜெக்ட்டுக்கு எந்த வடிவம் கைகொடுக்கும்?

மூன்றாம் செமஸ்டர் தேர்வு முடிந்ததும் இறுதி ப்ராஜெக்ட்டுக்கான உத்தேசத் தாள்கள் என் மேசைக்கு வந்துவிடும். விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) முதுநிலை மாணவர்களுக்குக் கைடாக இருப்பது எனக்கு இது ஒன்பதாவது ஆண்டு. இந்த முறை வந்த பதினான்கு தாள்களில் ஐந்து ஒரே விஷயத்தைப் பற்றியவை: செயற்கை நுண்ணறிவைக் காசாக்குவதில் உள்ள அறச் சிக்கல்கள். ஐவரும் 'வடிவம்' என்ற கட்டத்தில் "ஆவணப்படம், 25 நிமிடம்" என்று எழுதியிருந்தார்கள். ஏன் ஆவணப்படம் என்று கேட்டால் ஒருவரிடமும் பதில் இல்லை. சீனியர்கள் அப்படித்தான் செய்தார்கள், டிபார்ட்மென்ட்டில் கேமரா இருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த விஷயத்தை எடுப்பவர்களுக்கு வடிவத் தேர்வுதான் பாதி ப்ராஜெக்ட் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஏஐ வணிகத்தின் மேல் உள்ள முக்கியக் குற்றச்சாட்டு எளிமையானது. கேட்காமல் எடுத்தார்கள், எடுத்ததற்குக் கொடுக்கவில்லை. எழுத்து, படம், குரல், முகம், உழைப்பு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு பேட்டியும், பதிவு செய்யும் ஒவ்வொரு குரலும் அதே கேள்வியை உங்கள் பக்கம் திருப்பும்: யாரைக் கேட்டாய், என்ன கொடுத்தாய்? ஐந்து மாத அவகாசத்தில், ஒரு மாணவர் கையில் புரளும் காசில், அதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல எந்த வடிவம் இடம் தருகிறது என்பதை வைத்தே ஒவ்வொன்றையும் எடைபோட்டிருக்கிறேன்.

முதலில் ஆவணப்படம். ஏஐக்குப் பின்னால் மனிதர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை முகத்தோடும் குரலோடும் காட்ட இதைவிட நல்ல வடிவம் கிடையாது. 2023 ஜனவரியில் டைம் இதழ் வெளியிட்ட கென்யா செய்தி பலருக்கு நினைவிருக்கும். சாட்ஜிபிடி வன்முறையும் ஆபாசமும் பேசாமலிருக்க, அப்படிப்பட்ட பத்திகளை யாராவது படித்து அடையாளமிட வேண்டியிருந்தது. அந்த வேலையை நைரோபியில் சாமா என்ற நிறுவனத்தின் ஊழியர்கள் செய்தார்கள். கைக்கு வந்தது மணிக்கு 1.32 டாலரிலிருந்து 2 டாலர் வரை. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ அந்த நிறுவனத்துக்குத் தர ஒப்புக்கொண்டதோ மணிக்கு 12.50 டாலர். இந்த இரண்டு எண்களுக்கு நடுவே ஒரு முழுப் படம் இருக்கிறது.

இப்படித் தரவை அடையாளமிடும் லேபிளிங் வேலை நம் பக்கத்துச் சிறு நகரங்களிலும் நடக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன் என் மாணவன் ஒருவன் அப்படியொரு மையத்தைத் தேடிப் போனான். ஒரு நாள் நானும் உடன் போனேன். மேனேஜர் டீ வாங்கிக் கொடுத்து நன்றாகத்தான் பேசினார். ஆனால் உள்ளே கேமரா கூடாது, திரையைக் காட்டக் கூடாது, எந்த வாடிக்கையாளருக்கு வேலை செய்கிறார்கள் என்று சொல்லக் கூடாது. ஊழியர்கள் எல்லோரும் சேர்ந்த அன்றே ரகசியம் காக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள். ஷிஃப்ட் முடிந்து பஸ் ஸ்டாண்டுக்கு எங்களோடு நடந்து வந்த ஒரு பெண், பையிலிருந்து நோட்டை எடுத்து, பால்பாயின்ட் பேனாவால் ஒரு மாட்டை வரைந்தார். அதைச் சுற்றி ஒரு பெட்டி போட்டார்.

"தானா ஓடுற காருக்குத் தம்பி இது. மாடு வாலை ஆட்டும்ல? அந்த வாலும் பெட்டிக்குள்ள வரணுமா வேண்டாமான்னு ரெண்டு நாள் குழம்பினோம். அப்புறம் மெயில் வந்துச்சு, வால் வேண்டாம்னு. போட்டதையெல்லாம் முதல்ல இருந்து திருப்பிப் போட்டோம்."

"திருப்பிப் போட்டதுக்குக் காசு உண்டாக்கா?"

அவர் சிரித்தார். பஸ் வந்துவிட்டது. அந்தத் தாளைக் கிழித்து அவன் கையில் கொடுத்துவிட்டு ஏறினார்.

அந்த மாட்டுப் படம்தான் அவன் எடுத்ததிலேயே சிறந்த ஷாட். மீதியெல்லாம் முகம் மறைத்த பேட்டி, வாங்கிப் போட்ட ஸ்டாக் காட்சி, ஒரு பேராசிரியரின் விளக்கம். பேசிய இருவர் எடிட் முடியும் தறுவாயில் பயந்து, தங்களை எடுத்துவிடச் சொன்னார்கள். வேலை போனால் யார் பொறுப்பு? எடுத்துவிட்டோம். 25 நிமிடப் படம் 11 நிமிடத்தில் நின்றது. எடுப்பவருக்கு மதிப்பெண், பேசுபவருக்கு வேலை போகும் ஆபத்து என்ற இந்தக் கணக்கு என்னை இன்றுவரை உறுத்துகிறது. உள்ளே போக உங்களுக்கு உண்மையாகவே வழி இருந்தால் மட்டும் இதைத் தொடுங்கள். வழியிருக்கும் இடங்களும் உண்டு. பெங்களூரின் கார்யா என்ற லாப நோக்கமற்ற அமைப்பு இந்திய மொழிப் பேச்சுத் தரவைச் சேகரிக்கிறது. பேசித் தருபவர்களுக்கு மணிக்கு ஏறத்தாழ 5 டாலர் கொடுப்பதாகவும், தரவு மறுபடி விற்றால் அதிலும் பங்கு கொடுப்பதாகவும் வெளிப்படையாகச் சொல்கிறது. அப்படிப்பட்ட ஓர் இடத்தின் கதவைத் தட்டி, அவர்கள் சொல்வது களத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறது என்று பார்ப்பது மறைந்து நின்று எடுப்பதைவிட நல்ல படமாகும்.

அறையிலோ சுவரிலோ காட்சியாக நிறுவும் இன்ஸ்டலேஷனைப் பற்றி நான் அவ்வளவு தயங்க மாட்டேன், குறிப்பாக டிசைன் பின்னணியிலிருந்து வந்தவர்களுக்கு. ஆய்வாளர்கள் கேட் கிராஃபோர்டும் விளாடன் யோலரும் 2018இல் செய்த வரைபடத்தைப் பாருங்கள். அமேசானின் எக்கோ என்ற, பேச்சுக்குப் பதில் சொல்லும் ஸ்பீக்கரிடம் ஒருவர் ஒரே ஒரு வாக்கியம் பேசுகிறார். அந்த வாக்கியத்துக்குப் பதில் வர பொலிவியாவின் உப்புப் பாலைவனத்து லித்தியத்திலிருந்து குப்பையில் பழைய எலக்ட்ரானிக்ஸைப் பிரிப்பவர் வரை யார் யார் உழைக்க வேண்டும் என்பதை ஒரு சுவர் அளவுக்கு வரைந்திருக்கிறார்கள். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அதைத் தன் சேகரிப்பில் வைத்திருக்கிறது. இதில் யாருடைய முகமும் வேண்டாம், யாருக்கும் வேலை போகாது. நூலகமும் பொறுமையும் போதும். பலவீனம் ஒன்று: வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு வரும் வெளித் தேர்வாளர் எட்டு நிமிடம் நிற்பார். எட்டு நிமிடத்தில் ஒரு சுவர் முழுவதும் படிக்க முடியாது. எங்கிருந்து கண் தொடங்க வேண்டும் என்று தெரியாமல் மாணவர்கள் வரைபடம் போட்டால் அது வெறும் தகவல் குவியலாகிவிடும். எங்கள் டிபார்ட்மென்ட்டில் அப்படி இரண்டு பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, சொந்தத் தரவுத் தொகுப்பு: ஏஐயைச் சோதிக்கவோ பயிற்றவோ தேவையான படங்களை நாமே சேர்ப்பது. மாணவர்கள் இதைப் படைப்பு என்றே எண்ணுவதில்லை. கம்ப்யூட்டர் சயன்ஸ்காரர்கள் வேலை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஒதுக்கத் தேவையில்லை. ஆய்வாளர் ஜாய் புவலம்வினி அமெரிக்காவின் எம்ஐடியில் 2017இல் சமர்ப்பித்தது ஒரு முதுநிலை ஆய்வேடுதான். விற்பனைக்கு வந்துவிட்ட முகமறியும் மென்பொருள்கள் கறுத்த தோலுள்ள பெண்களைச் சரியாகப் பார்க்கின்றனவா என்று சோதிக்க அவருக்கு முகங்கள் வேண்டியிருந்தன. யாரைக் கேட்டு எடுப்பது? ருவாண்டா, செனகல், தென்னாப்பிரிக்கா, ஐஸ்லாந்து, பின்லாந்து, ஸ்வீடன் என ஆறு நாடுகளின் நாடாளுமன்ற உறுப்பினர்களுடைய படங்களை எடுத்தார். பொது வாழ்வுக்கு வந்தவர்கள், பொதுவில் வைக்கப்பட்ட படங்கள். மொத்தம் 1,270 முகங்கள். சக ஆய்வாளர் டிம்னிட் கெப்ருவோடு சேர்ந்து 2018இல் வெளியிட்ட கட்டுரையில் வந்த முடிவு: ஒரு மென்பொருள் கறுத்த பெண்களில் 34.7 சதவீதம் பேரின் பாலினத்தைத் தவறாகச் சொன்னது. வெளிர் நிற ஆண்களில் எந்த மென்பொருளின் பிழையும் 0.8 சதவீதத்தைத் தாண்டவில்லை. அதே ஆண்டு அவர் அந்த ஆய்வை ஒரு கவிதையாக்கி, காணொளியில் தானே வாசித்தார். எண்களைப் பார்த்து அசையாதவர்களையும் அது உட்கார வைத்தது. ஒரே உழைப்பில் ஆய்வும் படைப்பும் கிடைத்ததற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இன்னொருவர் லண்டன் கலைஞர் அனா ரிட்லர். பூப்பூக்கும் பருவத்தில் ட்யூலிப் பூக்களை ஒவ்வொன்றாகப் படமெடுத்து, ஒவ்வொன்றின் கீழும் கையால் குறிப்பு எழுதி, பத்தாயிரம் படங்கள் சேர்த்தார். தரவு என்பது தானாக வந்து குவிவதில்லை, யாரோ குனிந்து நிமிர்ந்து செய்யும் வேலை என்பது அந்தச் சுவரின் முன் நின்றால் புரிந்துவிடும். நம் மாணவர் ஒருவர் மதுரை மல்லிகையையோ, ஒரே தெருவின் சுவர் எழுத்துகளையோ இப்படிச் செய்யலாம். பத்தாயிரம் வேண்டாம், ஐந்நூறு போதும். செலவு குறைவு, அனுமதிச் சிக்கல் குறைவு. ஆனால் வணிகம் என்ற சொல் இதில் நழுவிப் போகும். பூவைப் படமெடுத்தீர்கள் சரி, யார் இதை விற்கிறார்கள் என்று கேட்டால் மாணவர்கள் திணறுவதைப் பார்த்திருக்கிறேன்.

நான் பெரும்பாலானவர்களுக்குச் சொல்வது குரல். காரணம், இந்த ஊரில் இந்தக் கேள்வி ஏற்கெனவே எழுந்திருக்கிறது. 2024 பிப்ரவரியில் வந்த 'லால் சலாம்' படத்தின் 'திமிறி எழுடா' பாடலில் ஏ.ஆர்.ரகுமான் மறைந்த இரண்டு பாடகர்களின் குரல்களை ஏஐ மூலம் கொண்டுவந்தார். ஷாகுல் ஹமீது 1998இல் கார் விபத்தில் போனவர். பம்பா பாக்யா 2022இல் போனவர். இருவர் குடும்பத்திடமும் அனுமதி பெற்று, உரிய தொகையும் அனுப்பியதாக ரகுமான் அறிவித்தார். ஏறத்தாழ அதே வேளையில் எஸ்.பி.பாலசுப்பிரமணியத்தின் குரலை 'கீடா கோலா' என்ற தெலுங்குப் படத்தில் பயன்படுத்தியிருந்தார்கள். குடும்பத்தைக் கேட்கவில்லை என்று எஸ்.பி.பி.சரண் நோட்டீஸ் அனுப்பினார். தொழில்நுட்பம் ஒன்றுதான், போன வழிதான் இரண்டு. முதுநிலை மாணவருக்கு இதைவிடக் கூர்மையான ஒப்பீட்டை யாரும் கையில் கொடுக்க முடியாது. முதல் வழியிலும் கேள்வி தீர்ந்துவிடவில்லை. குடும்பம் சம்மதித்தது, பாடியவரை யார் கேட்டார்கள்?

சட்டமும் இங்கே பாதி வழியில் நிற்கிறது. குரலுக்கென்று தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. 2024 ஜூலையில் பாடகர் அரிஜித் சிங் தொடுத்த வழக்கில், அவர் குரலை ஏஐ கருவிகளில் நகலெடுப்பதற்கு எதிராக மும்பை உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. அவர் புகழ் பெற்றவர், கேட்டால் எல்லோருக்கும் தெரியும் குரல். முப்பது வருடம் கதாநாயகிக்கு அம்மாவாகவும், பக்கத்து வீட்டு அக்காவாகவும், கூட்டத்தில் அழும் குரலாகவும் பேசிய டப்பிங் கலைஞருக்கு? அவர் பெயர் டைட்டிலில் வந்திருந்தாலும் யாரும் படித்திருக்க மாட்டார்கள். என் மாணவிகளில் ஒருத்தி போன ஆண்டு எடுத்துக்கொண்டது இந்தக் கேள்வியைத்தான்.

சென்னை சாலிகிராமத்தில் ஒரு சின்ன ஸ்டுடியோ. டப்பிங் பேசும் அந்த அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். அவர் குரலைப் பதிவு செய்து ஏஐயில் நகலெடுக்க, இவள் ஆங்கிலத்தில் இரண்டு பக்க ஒப்புதல் படிவம் கொண்டுபோயிருந்தாள், எங்கிருந்தோ இறக்கிய நகல். அவர் கண்ணாடி போட்டு முதல் பக்கத்தை மெதுவாகப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இதைத் தமிழ்ல எழுதிட்டு வாம்மா. எனக்குப் புரியாதுன்னு இல்ல. உனக்குப் புரிஞ்சிருக்கான்னு பாக்கணும்."

இவள் அன்று ராத்திரியே எழுத உட்கார்ந்தாள். 'பயன்பாட்டு உரிமை' என்று எழுதியதும் நின்றுவிட்டது. எதற்குப் பயன்பாடு, எத்தனை நாளைக்கு, யாரிடம்? மூன்று முறை என்னிடம் கொண்டுவந்தாள், மூன்று முறையும் நான் அடித்துக் கொடுத்தேன். நான்காவது வரைவோடு மறுபடி சாலிகிராமம் போனாள். அந்த அம்மா மைக் முன் உட்கார்ந்து, லெவல் பார்க்க ஏதாவது பேச வேண்டுமே என்று, படிவத்தையே வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார். பழகிய குரல், வசனம் போலவே வந்தது. நடுநடுவே நிறுத்திக் கேள்வி கேட்டார். "என் குரல் என்ன பேசணும்னு முடிவு பண்றது யாரு, நீயா?" "கெட்ட வார்த்தை பேச வெப்பியா?" "அழிச்சிட்டேன்னு எனக்கு எப்படித் தெரியும்?" 'கல்வி நோக்கத்துக்காக இப்போதும் எதிர்காலத்திலும்' என்ற வரியில் பேனாவை எடுத்து 'எதிர்காலத்திலும்' என்ற சொல்லை அடித்தார். அடிக்கும் சத்தம்கூட மைக்கில் விழுந்திருக்கிறது.

அந்தப் பதிவுதான் படைப்பு ஆனது. மேசையில் இரண்டு ஹெட்போன். ஒன்றில் அவர் படிக்கிறார், நிறுத்துகிறார், கேட்கிறார், அடிக்கிறார். மற்றொன்றில் அவர் குரலின் நகல் அதே படிவத்தைப் படிக்கிறது, எதையும் கேட்காமல், ஒரே மூச்சில். நடுவில் கையெழுத்திட்ட தாள். வேறொன்றும் இல்லை. பார்க்க வந்தவர்கள் முதல் ஹெட்போனுக்குத் திரும்பி வந்து இரண்டாம் முறை கேட்டதைக் கவனித்தேன். அவருக்கு அரை நாள் கால்ஷீட் தொகை முழுதாகக் கொடுக்கப்பட்டது; மாணவி என்பதால் தள்ளுபடி கேட்க வேண்டாம் என்று நான்தான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். எல்லாம் சேர்த்து 19,000 ரூபாய் ஆனது. ஆவணப்படத்துக்கு அலைந்த பையனின் பஸ், லாட்ஜ் செலவே அதைத் தாண்டியது.

இந்த வழியில் கஷ்டம் இல்லை என்று சொல்ல மாட்டேன். நகல் எடுக்கும் கருவியைத் தேர்வதே முதல் அறச் சோதனை. மாதச் சந்தாவுக்குக் கிடைக்கும் இணையச் சேவையில் குரலை ஏற்றினால், அந்த அம்மாவிடம் கேட்டு வாங்கியதை அவர் கேள்விப்படாத ஒரு கம்பெனியின் சர்வரில் வைக்கிறீர்கள். அவர் கையெழுத்துப் போட்டது உங்களுக்கு, கம்பெனிக்கு அல்ல. ஆகவே சொந்தக் கணினியில் ஓடும் ஏஐ மாதிரி (மாடல்) வேண்டும். அங்கே தமிழுக்குத் தேர்வுகள் குறைவு. பலரும் பயன்படுத்தும் எக்ஸ்டிடிஎஸ் மாதிரியின் 17 மொழிகளில் இந்தி உண்டு, தமிழ் இல்லை. ஐஐடி மெட்ராஸின் ஏஐ4பாரத் குழு வெளியிட்ட இண்டிக்எஃப்5 தமிழ் பேசும். அதை நிறுவி ஓட்ட எங்களுக்கு மூன்று வாரம் பிடித்தது, இன்ஜினியரிங் படிக்கும் ஒரு தம்பியின் உதவியோடு. படிவத்தின் எழுத்து நடையை அது சுமாராகப் படித்தது. அந்த அம்மாவின் பேச்சு நடையில் தடுமாறியது. அதனால் நகலுக்குப் படிவத்தை மட்டுமே கொடுத்தோம்.

குரல் தானம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மொசில்லாவின் காமன் வாய்ஸ் தொகுப்பில் தமிழ்க் குரல்கள் உண்டு, சிசி0 உரிமத்தில். யாரும் எதற்கும் எடுக்கலாம், விற்கவும் செய்யலாம். அப்படிக் கொடுத்தவர்களை நான் மதிக்கிறேன். தமிழுக்கு அந்தத் தரவு தேவை. ஆனால் அதை எடுத்து ப்ராஜெக்ட் செய்ய வரும் மாணவர்களிடம், கொடுத்தவர் நான்கு பேரையாவது தேடிப் பிடித்து, விற்கவும் முடியும் என்று தெரிந்தா கொடுத்தீர்கள் என்று கேட்டுவிட்டு வாருங்கள் என்கிறேன். அந்த நான்கு பதில்களே ஒரு ப்ராஜெக்ட். கூட்டாகக் கொடுப்பதை அழகாகக் கையாண்ட முன்மாதிரியும் இருக்கிறது. கலைஞர்கள் ஹாலி ஹெர்ண்டனும் மேட் ட்ரைஹர்ஸ்ட்டும் பிரிட்டன் முழுவதும் பல ஊர்ப் பாடகர் குழுக்களைப் பதிவு செய்து ஏஐ மாதிரியைப் பயிற்றினார்கள். அந்தத் தரவின் மேல் பாடியவர்களுக்கே அதிகாரம் இருக்கும்படி ஓர் அறக்கட்டளை ஏற்பாட்டையும் சோதித்துப் பார்த்தார்கள். 2024 அக்டோபரில் லண்டன் சர்ப்பன்டைன் கேலரியில் அது காட்சிக்கு வந்தது. ஒப்பந்தமே கலையின் பாகமாகலாம் என்று என் மாணவிக்குத் தைரியம் வந்தது அதைப் பார்த்துத்தான்.

காமிக்ஸ், மேடை நாடகம் இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வரையத் தெரிந்தவர் காமிக்ஸ் செய்யலாம், ஏஐ படத்தைத் தொடாமல். 2025 மார்ச்சில் ஊரே ஜப்பானிய அனிமேஷன் ஸ்டுடியோவான ஜிப்லியின் பாணியில் ஏஐ படம் போட்டுக்கொண்டிருந்தபோது, கையால் வரைபவர்களுக்கு என்ன ஆனது என்பது நல்ல கரு. ஐந்து மாதத்தில் 40 பக்கம் வரைய முடியுமா என்பதை மட்டும் உங்கள் கையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாடகத்துக்கு ஓப்பன்ஏஐயின் கதையே கச்சிதமாகக் கிடைக்கிறது: 2015இல் லாப நோக்கமற்ற அமைப்பாகத் தொடங்கி, 2019இல் லாபத்துக்கு வரம்பு வைத்த ஒரு பிரிவைச் சேர்த்து, 2025 அக்டோபரில் அந்தப் பிரிவைப் பொதுநலக் கார்ப்பரேஷனாக (லாபத்தோடு பொதுநலனையும் நோக்கமாக ஏற்கும் நிறுவனம்) மாற்றியது. ஆவணங்கள் பொதுவில் உள்ளன. நடிகர்களைக் கூட்டி ஒத்திகை பார்க்க ஆள் பலம் இருக்கும் கல்லூரிகளுக்கு மட்டும் இது.

இந்த ஆண்டு அந்த ஐவரையும் கூப்பிட்டுப் பேசினேன். ஒருவனுடைய அண்ணி லேபிளிங் வேலையை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. அவன் ஆவணப்படமே எடுக்கட்டும், ஆனால் பழைய ஒப்பந்தத்தின் நகலை முதலில் ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டு. டிசைன் படித்துவிட்டு வந்த பெண்ணுக்குச் சுவர் வரைபடம். முதல் எட்டு நிமிடத்தில் கண் எங்கே போகும் என்று ஒரு சின்ன மாதிரி செய்துகொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். இருவர் குரல் பக்கம் வந்திருக்கிறார்கள், ஒருத்தி ஒப்பாரி பாடும் தன் பாட்டியோடு. ஐந்தாமவன் இன்னும் யோசிக்கிறான். ஜனவரி 15க்குள் சொல்லச் சொன்னேன்.

எல்லோருக்கும் கால அட்டவணையை மாற்றிப் போட்டிருக்கிறேன். முன்பெல்லாம் ஒப்புதல் படிவம் படப்பிடிப்புக்கு முந்தின நாள் அச்சாகும். இனி முதல் மூன்று வாரமும் படிவம் எழுதத்தான், தமிழில், கொடுக்கப்போகிறவர் முன்னால் வாய்விட்டுப் படித்துக் காட்டும்படி. அழிப்பதற்கும் ஒரு நாள் தனியாக. போன ஆண்டு வைவா முடிந்த வாரம் அந்த மாணவி லேப்டாப்பையும் ஹார்ட் டிஸ்க்கையும் தூக்கிக்கொண்டு சாலிகிராமம் போனாள். நகல் மாதிரிக் கோப்புகளை அந்த அம்மா கண் முன்னால் அழித்துக் காட்டினாள். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "வேற எங்கயும் இல்லல்ல?" என்று கேட்டார். இல்லை என்றாள். காபி கொடுத்து அனுப்பினார்.